‘ஒன்றுமில்லை’ என்னும் பொய்

சாலையில் இரு கார்கள் மோதிக்கொண்டால் நாம் முதலில் சோதிப்பது கதவின் நசுங்கலைத்தான். பிறகு வாய்ச்சண்டை, அதன்பின் பேரம். அடிபட்டவர் ஒரு சோடாவைக் குடித்து, ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று வீடு திரும்பினால் திடமான மனிதர் என்று மெச்சுகிறோம். இந்த மெச்சுதலே சிலரைக் கொன்றுவிடுகிறது.

மண்டையோட்டுக்குள் கசியும் இரத்தம், சில மணி நேரம் தெளிவாகப் பேசவிட்டுப் பின்னரே நினைவைப் பறிக்கக்கூடும். மண்ணீரல் கிழிந்தவரும் எழுந்து நடக்கக்கூடும். வண்டிக்கு மெக்கானிக்கை அழைக்கும் நாம், உடலுக்கு 108-ஐ அழைக்கத் தயங்குகிறோம்.

கேட்டால், போலீஸ் வழக்கு என்போம். சட்ட நடைமுறையைக் காட்டிச் சிகிச்சையைத் தாமதிக்கலாகாது என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. செலவு என்போம். விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கென்றே தமிழக அரசு 2021-இல் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியது. எஞ்சியிருப்பது நம் அசட்டை மட்டுமே.

சொற்களை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட நாம், ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லை மட்டும் ஆராயாமல் நம்பிவிடுகிறோம். அதைச் சொல்லும் தகுதி, பரிசோதித்த மருத்துவருக்கே உண்டு.