பால்மா டின்னில் ஒரு விதை



ஹாலிஎலயிலிருந்து ஒரு தம்பி கடிதம் எழுதியிருக்கிறார். அவர் பெயரையும் தேயிலைத் தோட்டத்தின் பெயரையும் இங்கே போடப்போவதில்லை. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளை. கனடாவில் இருக்கும் சித்தப்பா மகன் வீட்டுக்குப் பின்னால் நான்கு கஞ்சாச் செடி வளர்க்கிறாராம். அதுவும் ‘தானாகப் பூக்கும்’ வகையாம், விதை போட்டுப் பத்து வாரத்தில் எல்லாம் முடிந்துவிடுமாம். "லயத்துக் கோடியில் பால்மா டின்னில் ஒன்று வைத்துப் பார்த்தால் என்ன சார்? விற்க இல்லை, குடிக்கவும் இல்லை. அது எப்படித் தானாகப் பூக்கிறது என்று பார்க்கத்தான்" என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கேட்கப் பயந்து ஒளித்துச் செய்கிற பிள்ளைகளுக்கு நடுவே, ஒளிக்காமல் கேட்ட பிள்ளை இவர். அதனால் நானும் ஒளிக்காமல் சொல்கிறேன். தம்பி, வைக்காதீர்கள். ஒரு விதைகூட வேண்டாம்.

நம் நாட்டில் 1929ஆம் ஆண்டு வந்த நச்சுப்பொருட்கள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் கஞ்சாச் செடியை நடுவதும் வளர்ப்பதும் வைத்திருப்பதும் அதன்படி குற்றம். பார்க்க வளர்த்தேன் என்பதும் படிக்க வளர்த்தேன் என்பதும் பொலிஸில் எடுபடாது. லயத்தில் ஒரு செடி பிடிபட்டால் பிள்ளையோடு அப்பாவும் அம்மாவும்தான் நிலையத்து வாங்கில் உட்கார வேண்டி வரும். நாளைக்கு வெளிநாட்டு வேலைக்குப் போக பொலிஸ் நற்சான்றிதழ் கேட்பார்கள். அந்த ஒரு தாளில் விழும் கறையைப் பத்து வாரத்தில் துடைக்க முடியாது.

கனடாவில் 2018 ஒக்டோபரிலிருந்து ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்க்கலாம் என்பது உண்மை. ஆனால் அதே கனடாவில், நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் மொன்றியல் நகரம் உள்ள கியூபெக் மாகாணம் வீட்டில் வளர்ப்பதைத் தடை செய்தது. அந்தத் தடை செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயது வந்தவர்களுக்கு மூன்று செடி. தாய்லாந்து 2022இல் கதவைத் திறந்துவிட்டு, 2025இல் மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பாதி மூடிக்கொண்டது. ஊருக்கு ஊர் சட்டம் வேறு. சித்தப்பா மகனின் தோட்டத்துச் சட்டம் ஹாலிஎலக்கு ரயிலேறி வராது.

இனி, கேட்ட கேள்விக்கு வருவோம். அது எப்படித் தானாகப் பூக்கிறது?

எங்கள் காரியாலயத்து வாசலில் ஒரு பொயின்செட்டியா நிற்கிறது. கார்த்திகை பிறந்து மேலிலையெல்லாம் சிவந்துகொண்டு வருகிறது. ஆனால் தெருவிளக்கின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கிளைகள் மட்டும் இன்னும் பச்சையாகவே இருக்கின்றன. அந்தக் கிளைகளுக்கு இரவு வரவே இல்லை. செடி இருட்டின் நீளத்தை அளந்து பார்த்துத்தான் பருவத்தைத் தெரிந்துகொள்கிறது. செவ்வந்தியும் அப்படித்தான், சாதாரணக் கஞ்சாச் செடியும் அப்படித்தான். இரவு நீண்டால் பூக்கும்.

ரஷ்யாவிலும் மத்திய ஆசியாவிலும் கோடை குறுகியது. இரவு நீளட்டும் என்று காத்திருந்தால் பூப்பதற்குள் உறைபனி விழுந்து செடி செத்துப்போகும். அங்கே காட்டுச்செடியாக முளைத்த ஒரு வகை, இருட்டைப் பார்க்காமல் வயதைப் பார்த்துப் பூக்கப் பழகிக்கொண்டது. முளைத்துச் சில வாரம் ஆனதும் பூத்துவிடும். யானிஷெவ்ஸ்கி என்ற ரஷ்யத் தாவரவியலாளர் 1924இல் அதற்கு ‘கனபிஸ் ருடெராலிஸ்’ என்று பெயர் வைத்தார். நம் மலைநாட்டு ரயில் ஹாலிஎலயைத் தாண்டிப் பதுளைக்கு வந்து சேர்ந்த அதே ஆண்டு! அந்தக் காட்டுவகையைக் கலந்து உண்டாக்கிய விதைதான் இன்று தானாகப் பூக்கும் விதை என்று விற்கப்படுகிறது.

இப்போது ஹாலிஎல வானத்தைப் பாருங்கள். பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே இருக்கிறோம். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. பனிநாட்டுக்காரனின் அவசரத்துக்குப் பிறந்த விதைக்கு, எப்போதும் பன்னிரண்டு மணித்தியாலத்தை ஒட்டியே இரவு விழும் நம் மண்ணில் என்ன வேலை? பகல் சுருங்காத இந்த மண்ணில்தான் உங்கள் அம்மா தையிலும் கொழுந்துக் கூடை மாட்டுகிறார், ஆடியிலும் கூடை மாட்டுகிறார். அசாமில் அப்படி இல்லை. குளிர்காலத்தில் பகல் சுருங்கியதும் அங்கே தேயிலை உறங்கிவிடும், மாதக்கணக்கில் கொழுந்து இல்லை. நம் தேயிலைக்கு அந்த உறக்கம் கிடையாது, அதைப் பறிக்கிற கைகளுக்கும் கிடையாது. தம்பி, உயிரியல் பாடம் உங்கள் லயத்து வாசலிலேயே தொடங்குகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என் மனதை அரிக்கும் விஷயம். கஞ்சா நம் ஊவாவுக்குப் புதிதில்லை. சித்த வைத்தியர்கள் அதைக் கோரக்கர் மூலி என்பார்கள். ஆயுர்வேதத்திலும் அதற்கு இடம் உண்டு. மொனராகலைப் பக்கம் தனமல்வில காடுகளில் களவாகப் பயிரிட்டதை விசேட அதிரடிப்படை பிடுங்கி எரித்தது என்ற செய்தியை எத்தனை தரம் வாசித்திருப்போம். அங்கே அகப்படுகிறவர் பெரும்பாலும் தண்ணீர் ஊற்றப் போன கூலிக்காரர்தான், பணம் போட்டவர் அல்ல. 2025 ஓகஸ்டில் மீரிகமவில் 64 ஏக்கரில், ஏற்றுமதி மருந்துக்காக மட்டும் கஞ்சா வளர்க்க ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அரசாங்கம் அனுமதி கொடுத்தது. ஒவ்வொருவரும் ஐம்பது லட்சம் டொலர் முதலிட வேண்டும். தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் உழைத்தும் ஏழு பேர்ச் காணிக்கு உறுதி கேட்டுக்கொண்டிருக்கும் நம் மக்களுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. அந்த இலையால் காசு சேர்ப்பது யார், கம்பி எண்ணுவது யார் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பாடசாலைக்குப் பக்கத்துக் கடைகளில் மதன மோதகம் என்ற பெயரில் கஞ்சா கலந்த உருண்டை விற்றால், நாட்டு மருந்துதானே என்று விட்டுவிடாதீர்கள். சிறுவயதில் தொடங்கும் கஞ்சாப் பழக்கம் சில பிள்ளைகளுக்கு மனச்சிதைவு வரை கொண்டுபோய்விடுகிறது. பிள்ளையின் பேச்சிலோ தூக்கத்திலோ மாற்றம் கண்டால் அடிக்காதீர்கள், 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது.

தம்பி, அந்தப் பால்மா டின்னை வீசிவிட வேண்டாம். இன்னொரு டின்னும் தேடி எடுங்கள். ஒரே செடியிலிருந்து ஒடித்த இரண்டு செவ்வந்திக் கன்றுகளை ஒரே மண்ணில் நடுங்கள். ஒன்றை இரவில் இருட்டாகக் கிடக்கும் லயத்துக் கோடியில் வையுங்கள். மற்றதை விடிய விடிய எரியும் வாசல் விளக்கின் கீழ் வையுங்கள். முதல் மொட்டு எதில், எந்தத் திகதியில் வந்தது என்று குறித்து அனுப்புங்கள். மாசி இதழில் அரைப் பக்கம் உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்