தாழ்ந்த கணவாயும் வெள்ளை ஊர்களும்

மலை என்றவுடன் அதன் உயரத்தையே முதலில் வினவுவது மாந்தர் இயல்பு. ஆயினும், ஓங்கிய சிகரங்கள் கற்பியாத பாடங்களைத் தாழ்ந்த கணவாய்கள் கற்பிப்பதுமுண்டு. ஸ்பெயின் தேசத்தின் தென்கரையிலே, மாலகா மாகாணத்தின் கிழக்குப் பகுதியில், தொரோக்ஸ், பிரிகிலியானா என்னும் இரண்டு ஊர்களை இணைக்கும் மலைப்பாதை ஒன்று உண்டு. துவிச்சக்கர வண்டியில் அதனைக் கடப்போர் பெறும் பயன் யாது என இவ்வாரம் நோக்குவோம்.

இரண்டு ஊர்களும் மத்தியதரைக் கடலிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே, குன்றின்மேல் அமைந்தவை. வீடுகள் யாவும் வெள்ளை. சுண்ணாம்புக் கல்லைச் சூளையிற் சுட்டு, நீற்றிச் சுவருக்குப் பூசுவது அங்கே நெடுங்கால வழக்கம். வெண்மை வெயிலைத் திருப்பியனுப்பும். சுண்ணாம்பின் காரம் கிருமிகளைக் கொல்லும். பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தொரோக்ஸை விட்டு விடியற்பொழுதிலேயே புறப்படுதல் நன்று. கோடை வெயில் கொடிது. பாதை நேரே ஏறுவதில்லை. பள்ளத்தாக்குகளினுள்ளே புகுந்து, வளைந்து, வெளிப்பட்டு மேலே செல்கின்றது. ஆகவே, பறவைக்கு அண்மையிலுள்ள ஊர் வண்டியோட்டிக்குச் சேய்மையாகின்றது. கியரைக் குறைத்து, மூச்சும் மிதியும் ஒத்திசைய ஏறுபவன் எளிதிற் களைப்பதில்லை. நடையினும் சற்றே விரைந்த செலவுதான். ஆனால், அந்த மந்த கதியே பெரும் பேறு. மோட்டார் வண்டியிற் செல்வோர் கவனியாத கல்வரம்புகள் இவன் கண்ணிற் படுகின்றன. கொடிமுந்திரிகையும் ஒலிவமும் வாதுமையும், அண்மைக் காலத்தில் மாவுங்கூட அச்சரிவுகளில் வளர்கின்றன. உழவு யந்திரம் ஏறமாட்டாத இடங்களைக் கோவேறு கழுதை பூட்டி உழுவர். முந்திரிகையை வெயிலில் உலர்த்தி வற்றலாக்கும் இப்பகுதியின் மரபை, ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017ஆம் ஆண்டில் உலக வேளாண் மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

உச்சியை அடைந்தால் ஒருபுறம் கடல், மறுபுறம் அல்மிஹாரா மலைத்தொடர். இறங்குகையில் பிறேக்கை இடைவிடாது அழுத்தலாகாது. சில்லின் விளிம்பு சூடேறும். விட்டுவிட்டு அழுத்துதலே முறை.

பிரிகிலியானாவை அடைந்ததும் சுவர்களிற் பதித்த மட்பாண்ட ஓடுகளைக் காண்கிறோம். அவை கூறுவது ஒரு துயரக் கதை. கரும்பையும் வாய்க்காற் பாசனக் கலையையும் இந்நாட்டில் வளர்த்தவர் முஸ்லிம்கள். 1492இல் கிரனடா வீழ்ந்தபின் அவர் மதம் மாற வற்புறுத்தப்பட்டனர். அவர்தம் மரபினர் 1568இல் கிளர்ந்தெழுந்தனர். 1569இல் இவ்வூருக்கு மேலுள்ள குன்றிலே பொருது தோற்றனர். பின்னர் 1609 தொடக்கம் 1614 வரை ஸ்பெயினிலிருந்தே துரத்தப்பட்டனர். அவர் உழுத நிலத்தில் வேற்றார் குடியேறினர். கரும்பு மட்டும் எஞ்சியது. ஊரின் பழைய ஆலையிலே இன்றும் கரும்புப்பாகு காய்ச்சுகின்றனர்.

துரத்தப்பட்டோரின் இடத்தில் வாழும் ஊரே, அவர் கதையைத் தன் வெள்ளைச் சுவரில் எழுதிவைத்திருப்பது சிறு காரியமன்று. வெள்ளையடித்து மறைத்துவிடுதல் எளிதாயிருந்திருக்கும். மாணவர்காள், நீவிரும் வழிச்செல்லுங்கால் சற்று மெதுவாகவே செல்வீராக. கால் நோக ஏறும் மேட்டினை முன்பு யார் கழனியாக்கினார் என்று வினவுவீராக. தேசசஞ்சாரம் கல்வியாவது அவ்வினாவினால்தான்.