எட்டு விநாடி

ஆபீசுக்கு இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி லேட்டாகப் போனால் என்ன ஆகிவிடும்? மானேஜர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். பெத்ரோ டெல்காடோ அத்தனை லேட்டாகப் போனது 1989 ‘டூர் தி பிரான்ஸ்’ சைக்கிள் பந்தயத்துக்கு. அதற்கு முந்தின வருஷ சாம்பியன்! லக்ஸம்பர்க்கில் முதல் நாள் ஒவ்வொருவராகக் கிளம்ப வேண்டும். மனுஷர் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளத் தெருத்தெருவாக மிதித்துவிட்டு வந்தபோது, அவருடைய கடிகாரம் எப்போதோ ஓட ஆரம்பித்திருந்தது. அன்றைக்குக் கடைசி இடம். அப்புறம் மூன்று வாரம் மலைமலையாகத் துரத்தி, பாரிஸில் மூன்றாவதாக வந்ததே பெரிய விஷயம்.

எல்லா நாள் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைச்சலோ அவருக்குத்தான் மஞ்சள் பனியன். அந்த வருஷம் அதற்கு அடித்துக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் பிரெஞ்சுக்காரர் லோரான் ஃபின்யோன். கண்ணாடி, பின்னால் குடுமி, பட்டப்பெயர் ‘புரொபசர்’. 1983, 84 இரண்டு வருஷமும் ஜெயித்தவர். இன்னொருவர் அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட். 1986 சாம்பியன். 1987-ல் வேட்டைக்குப் போன இடத்தில் மச்சான் வான்கோழி என்று நினைத்துச் சுட்டதில், உடம்புக்குள் முப்பதுக்கு மேல் ஈயக் குண்டுகள் தங்கிவிட்டன. (மச்சான்களிடம் எப்போதும் கொஞ்சம் ஜாக்கிரதை தேவை!)

மூன்று வாரமும் இவர்களுக்குள் வித்தியாசம் ஒரு நிமிஷத்தைத் தாண்டவில்லை. ஜூலை 23, கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர், தனித்தனியாக. ஃபின்யோன் 50 விநாடி முன்னால். இவ்வளவு குறைந்த தூரத்தில் அதைப் பிடிக்க முடியாது என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைத்தார்கள்.

லெமாண்ட் கைகளை முன்னால் நீட்டிப் படுத்தாற்போல ஓட்ட வசதியான புது மாதிரி ஹாண்டில்பார் மாட்டியிருந்தார். தலையில் காற்றைக் கிழிக்கும் ஹெல்மெட். போகிற வழியில் யாரும் எனக்கு நேரம் சொல்லாதீர்கள் என்று தன் டீம் காருக்கு உத்தரவு வேறு. ஃபின்யோனுக்கு ஹெல்மெட் கிடையாது, குடுமி காற்றில் பறந்தது. போதாததற்கு, சீட் உரசிய இடத்தில் உட்கார முடியாத புண். அப்படியும் மோசமாக ஓட்டவில்லை சார், அன்றைக்கு அவருக்கு மூன்றாவது இடம்! ஆனால் லெமாண்டைவிட 58 விநாடி அதிகம். கழித்துப் பாருங்கள். 3,285 கிலோமீட்டர் மிதித்த பிறகு எட்டே விநாடி. கோட்டைத் தாண்டியதும் மனுஷர் தரையில் சரிந்துவிட்டார்.

ஆண்கள் பந்தயத்தில் இன்றுவரை அதுதான் மிகக் குறைந்த வித்தியாசம். (பெண்கள் 2024-ல் நாலு விநாடியில் முடித்துக் காட்டிவிட்டார்கள்.)

லெமாண்ட் அடுத்த வருஷமும் ஜெயித்தார். ஃபின்யோன் 2010-ல் புற்றுநோயில் போய்விட்டார், வயது ஐம்பதுதான். அந்த 1989-லேயே இத்தாலியின் பெரிய பந்தயத்தையும் ஜெயித்திருந்தார் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? கடைசிக் காலத்தில் அவர் எழுதிய சுயசரிதைகூட அந்த எட்டு விநாடியில்தான் ஆரம்பிக்கிறது.