கருந்துளை உலை அல்ல

கருந்துளைக்குள் கோடிக்கணக்கான டிகிரி வெப்பம் கொதிக்கிறது, 2019இல் வெளியான கருந்துளைப் படமே அதற்குச் சாட்சி என்கிறார் நண்பர். ஏற்க முடியாது. எம்87 விண்மீன் திரளின் மையத்தைக் காட்டும் அந்தப் படத்தில் ஒளிர்வது கருந்துளைக்கு வெளியே சுழலும் வாயு. கருந்துளை இருப்பது நடுவிலுள்ள இருட்டில்.

இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் 1974இல் கருந்துளைக்குக் கணித்த வெப்பநிலையும், ஒளிகூடத் தப்ப முடியாத எல்லையான நிகழ்வெல்லைக்கு உரியது, உட்புறத்துக்கு அல்ல. நிறை கூடக்கூட அது குறையும். சூரியனளவு நிறையுள்ள கருந்துளைக்கு அது ஒரு கெல்வினில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு! அண்டவெளியின் பின்னணிக் கதிர்வீச்சோ 2.7 கெல்வின். அதாவது, சுற்றியுள்ள வெற்று வெளியைவிடக் கருந்துளை குளிர்ந்தது.

எல்லைக்கு உள்ளிருந்து ஒளியே வெளிவராதபோது, அளந்தவர் யார்? மையத்தை நெருங்கும்போது ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளே செயலிழக்கின்றன. அந்த இடத்துக்கு டிகிரிக் கணக்கு எழுதுவது இயற்பியல் ஆகாது.