வைத்தியரும் வினாவும்

தமிழ்ப் பண்டிதன் ஒருவன் வைத்தியக் கல்வியைப் பற்றி எழுதப் புகுதல் மிகையென்று சிலர் கருதல் கூடும். நோயைப் பற்றி யான் ஒன்றுஞ் சொல்ல வரவில்லை. சொல்லைப் பற்றியே சொல்ல வந்தேன். ஆயினும் அச்சொல் என்னை வைத்தியசாலை வாயில்வரை அழைத்துச் சென்றுவிட்டது.

சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருத்தி வீடு தேடி வந்தாள். விசேட வைத்தியராதற்குரிய பயிற்சியில் இருக்கின்றாள். அப்பயிற்சிக் காலத்திலேயே, நோயாளரிடையே நடத்தப்பெறும் மருத்துவ ஆய்விலும் ஒரு பட்டம் பெறுதற்குப் படிக்கின்றாள். ஆய்வுக்கு இணங்கும் நோயாளர் கையொப்பம் இடுமுன் வாசிக்க வேண்டிய தகவற் பத்திரத்தை என்னிடம் நீட்டி, "ஐயா, தமிழை ஒருக்காப் பார்த்துத் தாருங்கோ" என்றாள்.

வாசித்தேன். "பாடங்கள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்படும்" என்றிருந்தது. ஆய்வுக்கு உட்படும் மனிதரே அங்கே பாடங்களாகியிருந்தனர்! மருந்தைச் சோதித்தல் "மருந்து விசாரணை" ஆகியிருந்தது. ஒப்பிடுதற்காக அமைத்த பிரிவு "கட்டுப்பாட்டுக் கை" ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் ஒரு சொல் பல பொருள் தருதலின், கணினி தனக்குத் தோன்றிய பொருளை எடுத்துப் போட்டிருந்தது.

"பிள்ளை, இதை வாசிக்கும் கமக்காரர் ஒருவர் தம்மை நீதிமன்றுக்கு அழைக்கின்றார்கள் என்றல்லவா அஞ்சுவார்?" என்றேன்.

அவள் தலை குனிந்தாள். "இரண்டு இரவுக் கடமைக்கு நடுவிலை செய்தது, ஐயா. இருந்து எழுத நேரமில்லை" என்றாள்.

அவள் பள்ளியிலே தமிழில் முதன்மையாகத் தேறியவள். அப்பத்திரத்தை என்னினும் நன்றாக எழுத வல்லவள். ஆதலின் அவளிடம் இல்லாதது அறிவன்று, நேரமே. அன்றுதொட்டு என் மனத்தை அரித்துக்கொண்டிருப்பதும் இதுவே.

நோயாளர் வரிசையிலே காத்து நிற்க, பயிலும் வைத்தியருக்கு ஆய்வுப் பட்டம் எதற்கு என்று வினவுவோர் உளர். அவர்க்கு நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றையே விடையாகக் காட்டுவேன். பாம்பு கடித்தோருக்கு நாம் கொடுக்கும் நச்சுமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது. உயிரைக் காக்கும் அம்மருந்தே சிலருக்கு மூச்சுத்திணறலையும் இரத்த அழுத்த வீழ்ச்சியையும் உண்டாக்குவதும் உண்டு. அதைத் தடுத்தற்கு அதிரினலின், ஐதரோகோட்டிசோன், புரோமெதசீன் என்னும் மூன்று மருந்துகளைக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. இவை உண்மையிலே தடுக்கின்றனவா என்று இலங்கை ஆய்வாளர்கள் வினவினர். 1,007 நோயாளரைச் சீட்டுப் போட்டாற்போலப் பிரித்து, சிலருக்கு மருந்தும் சிலருக்கு மருந்துப்போலியும் கொடுத்துப் பார்த்து, 2011இல் முடிவை வெளியிட்டனர். சிறிய அளவு அதிரினலின், முதல் மணி நேரத்தில் கடுமையான விளைவுகளை 43 வீதம் குறைத்தது. மற்றை இரண்டும் பயன் தந்ததாகக் காணப்படவில்லை. நல்லெண்ணத்தோடு கைக்கொண்ட வழக்கமாயினும், வினவிய பின்னரே அதன் உண்மை வெளிப்பட்டது.

இத்தகைய வினாக்கள் எங்கே பிறக்கின்றன? நூலகத்திற் பிறப்பவை சில. விடுதியிலே நள்ளிரவில் நோயாளியின் கட்டிலருகே விழித்திருக்கும் இளம் வைத்தியரின் உள்ளத்திற் பிறப்பவை பல. ஆனால் வினாப் பிறந்தால் மட்டும் போதாது. எத்தனை பேரை ஆராய வேண்டும், எவ்வாறு பக்கஞ்சாராது பிரிக்க வேண்டும், கிடைத்த எண்களை எவ்வளவுக்கு நம்பலாம் என்பவற்றை முறையாகக் கற்றல் வேண்டும். பழக்கம் இறுகிய பின் வினவுதல் அரிது. ஆதலின் பயிற்சிக் காலத்திலேயே ஆய்வைக் கற்பித்தல் தகும் என்பதே என் துணிபு.

ஆயின் அதற்கு நேரம் எங்கே? அமெரிக்காவிற் பயிற்சி வைத்தியர் கிழமைக்குச் சராசரி 80 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யலாகாது என்று 2003இல் விதித்தனர். வரம்பே அவ்வளவென்றால், எஞ்சிய பொழுதில் உறக்கமும் உணவும் குடும்பமும் போக ஆய்வுக்கு எஞ்சுவது யாது? இங்கிலாந்தில், 2005இல் வெளியான அறிக்கையொன்றின் வழியே, ஆய்வோடு கூடிய பயிற்சிப் பதவிகளை ஏற்படுத்தினர். அப்பதவி பெற்றோருக்குக் கடமை நேரத்தில் நாலிலொரு பங்கு ஆய்வுக்கென ஒதுக்கப்படுகின்றது. மூன்றாண்டிலே ஒன்பது மாதம் ஆகின்றது. அந்நேரம் இரந்து பெறுவதன்று, உரிமையாகப் பெறுவது.

நம் நாட்டிலும் விசேட வைத்தியப் பயிற்சியில் ஆய்வுக்கு இடமுண்டு. 2022இன் நெருக்கடியை அடுத்து வைத்தியர் பலர் நாட்டை விட்டுச் செல்ல, எஞ்சியோர் தோளிலே சுமை கூடியதை யான் அறியாதவனல்லன். நாலிலொரு பங்கு கொடுக்க இயலாதாயின் கிழமையில் அரை நாளாவது கொடுக்கலாமே. அதுவும் கடமைப் பட்டியலிலே எழுதப்பட்டதாக, வேறெவரும் பறிக்கவொண்ணாததாக இருத்தல் வேண்டும். நேரங் கொடாது ஆய்வு கேட்பது, நெல்லுக் கொடாது அரிசி கேட்பதை ஒக்கும். அவ்வாறு கேட்குமிடத்துக் கிடைப்பது பெயருக்குப் பின்னே இரண்டெழுத்து மட்டுமே.

அதனால் வருந் தீங்கு மாணவரோடு நில்லாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், 1932 முதல் 1972 வரை, மேகநோய் கொண்ட 399 கறுப்பின ஏழை மக்களை, உண்மை கூறாமலும், பெனிசிலின் வந்த பின்னரும் அதைக் கொடாமலும், நோய் எவ்வாறு முற்றுகின்றது என்று பார்த்துக்கொண்டிருந்தனர். அது அறிந்தே செய்த கொடுமை. என் மாணவியின் பத்திரத்தை அதனோடு ஒப்பிடுதல் தகாது. எனினும், விளங்காத தாளிலே இடப்பட்ட கையொப்பம் இணக்கமாகுமா?

வைத்தியம் தமிழில் விளங்கும்படி சொல்லத் தக்கதன்று என்பாரும் உளர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, மானிப்பாயில் இருந்து சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். அன்று இயன்றது இன்று இயலாதோ?

அன்று மாலைவரை நாங்கள் இருவரும் இருந்து அப்பத்திரத்தைத் திருத்தினோம். முடிந்ததும் அயல் வீட்டு மூதாட்டியை அழைத்து வாசித்துக் காட்டச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "பிள்ளை, நான் மாட்டன் எண்டு சொன்னா, பிறகு என்னைப் பாராமல் விட்டிடுவினமோ?" என்றார்.

அதற்குரிய விடை மூன்றாம் பக்கத்தின் அடியிலே, ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவே கிடந்தது. என் மாணவி அதை எடுத்து முதற் பக்கத்தின் தலையிலே தன் கைப்பட எழுதினாள்: "நீங்கள் இணங்காவிட்டாலும் உங்கள் வைத்தியத்தில் ஒரு குறையும் வராது."

அந்த ஒரு வாக்கியத்தை எழுதுதற்கு அவளுக்கு ஒரு மாலைப்பொழுது வேண்டியிருந்தது. பட்டத்தை விதிப்போர் அம்மாலைப் பொழுதையும் சேர்த்து விதிப்பார்களாக.