மறுமணத்துக்கு முன் காகிதம்

பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்த தமிழர்களில் பலர் இங்கேயே நின்றுவிடவில்லை. இங்கிருந்து கப்பல் வேலைக்கும், வளைகுடாவுக்கும், சிங்கப்பூருக்கும் போனவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. போன இடத்தில் பழகி, வேற்று நாட்டவரை மணக்க விரும்புவோரும் இன்று அபூர்வமல்ல. அவர்களில் ஒரு பகுதியினர் முதல் மணம் முறிந்தவர்கள். ஒரு முறை வாழ்க்கை சரியாக அமையாதவர் மறுமுறை துணை தேடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சட்டம் அதை அனுமதிக்கிறது. சமூகமும் மெள்ள மெள்ள ஒப்புக்கொண்டு வருகிறது. ஆனால் அயல்நாட்டில் நடக்கும் மறுமணத்துக்கு மனம் ஒத்துப்போனால் மட்டும் போதாது. காகிதமும் ஒத்துப்போக வேண்டும். அதில் அசட்டையாக இருந்து, விடுமுறையையும் சேமிப்பையும் இழந்து, திருமணமும் நடக்காமல் திரும்பியவர்களின் கதைகள் நம் செவிக்கு எட்டிய வண்ணம் இருக்கின்றன.

அயல்நாட்டுத் திருமணப் பதிவாளர் கேட்பது ஒரே கேள்விதான்: “இவர் மணம் செய்துகொள்ளத் தடையில்லாதவரா?” அதற்கு ஒரே காகிதத்தில் பதில் சொல்லும் அலுவலகம் நம் நாட்டில் இல்லை. தேசம் முழுமைக்குமான திருமணப் பதிவேடும் இல்லை. எல்லாத் திருமணங்களையும் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2006ஆம் ஆண்டு உத்தரவிட்டது. தமிழ்நாடு 2009இல் தனிச் சட்டமே கொண்டு வந்தது. ஆயினும் ஒரு மாநிலத்துப் பதிவு இன்னொரு மாநிலத்தின் கண்ணில் படுவதில்லை. ஆகவே, தாம் தனி ஆள் என்று நிரூபிக்கும் பாரம் முழுவதும் அந்தந்த மனிதரின் தலையில் விழுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது, நடந்த விவாகரத்து சட்டப்படி விவாகரத்துதானா என்பது. நம்மவர்களிடையே, ஊர்ப் பெரியவர்கள் கூடி, முத்திரைத்தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, தாலியைத் திருப்பிக் கொடுத்து ‘அத்துவிடும்’ வழக்கம் இன்னும் மறையவில்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் சாதி வழக்கப்படியான விவாகரத்தை அடியோடு தள்ளிவிடவில்லை என்பது உண்மை. ஆனால் அப்படிப்பட்ட வழக்கம் தமது சமூகத்தில் தொன்றுதொட்டு இருந்து வருகிறது என்பதைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அதைச் சொல்கிறவருடையது. நோட்டரி முன்பு எழுதிக் கொண்ட விடுதலைப் பத்திரத்தினால் மட்டும் எந்தத் திருமணமும் கலைந்துவிடாது. இத்தகைய காகிதத்தை நம்பி விமானம் ஏறுவதைவிட, முன்கூட்டியே கோர்ட்டில் வழக்குத் தொடுத்துத் தீர்ப்பாணை பெறுவதே விவேகம்.

இதை வெறும் சம்பிரதாயம் என்று எண்ணுவது ஆபத்து. முதல் மணம் நிலுவையில் இருக்க இரண்டாவது மணம் புரிவது, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். முதல் மணத்தை மறைத்து மணந்தால் 10 ஆண்டு வரை. கடல் கடந்து நடந்ததால் தப்பிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். இந்தியப் பிரஜை வெளிநாட்டில் செய்யும் குற்றத்துக்கும் இச்சட்டம் பொருந்தும். தண்டனையை விடப் பெரிய அநியாயம், நம்பி வந்த அயல்நாட்டுத் துணைக்கும், பிறக்கப் போகும் குழந்தைகளுக்கும் நேர்வது.

இரண்டாவது விஷயம், கால அவகாசம். தீர்ப்பு வந்த மறுநாளே மணமேடை ஏறுவதற்கில்லை. அப்பீல் செய்யும் கெடு முடிய வேண்டும். அப்பீல் இருந்தால் அது தள்ளுபடி ஆக வேண்டும். 1976க்கு முன்பு ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நிபந்தனை அவ்வாண்டு நீக்கப்பட்டது. இன்று குடும்ப நீதிமன்றச் சட்டம் அப்பீலுக்கு 30 நாள் என்கிறது. 2003இல் திருத்தப்பட்ட இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது. இரண்டில் நீண்ட கெடுவைக் கணக்கில் கொள்வதே பத்திரமானது. இருவரும் மனமொத்துப் பெற்ற விவாகரத்தானால், குடும்ப நீதிமன்றச் சட்டப்படி அதன் மீது அப்பீல் கிடையாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சில நாடுகளில் விவாகரத்துத் தீர்ப்பு இரண்டு கட்டமாக வரும். சிங்கப்பூரில் முதலில் இடைக்காலத் தீர்ப்பு, மூன்று மாதம் கழித்தே இறுதித் தீர்ப்பு. அந்தப் பழக்கத்தில் உள்ள அதிகாரி நம்மவரிடமும் “இறுதித் தீர்ப்பு எங்கே?” என்று கேட்பார். இந்து திருமணச் சட்டத்தில் அப்படி இரண்டு கட்டம் இல்லை. எனவே தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டின் சான்றிட்ட நகல்களையும், அப்பீல் எதுவும் நிலுவையில் இல்லை என்பதற்கான ஆதாரத்தையும் சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நகலுக்கு மூன்று நகலாக வாங்குவது பிற்பாடு அலைச்சலைக் குறைக்கும்.

மூன்றாவது, பெயர். தமிழனுக்கு மட்டுமே உரிய தொல்லை இது. தகப்பனார் பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொள்வது நம் மரபு. கல்யாணப் பத்திரிகையில் மு. செல்வராஜ்; பள்ளிச் சான்றிதழில் எம். செல்வராசு, மும்பை ரேஷன் கார்டில் செல்வராஜ் முத்தையா நாடார், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் முத்தையா. நம் ஊர்க்காரருக்கு இவை எல்லாம் ஒரே ஆள். அயல்நாட்டுப் பதிவாளருக்கு நான்கு ஆள். இவையனைத்தும் ஒருவரையே குறிக்கும் என்ற அபிடவிட்டைத் தயாராக வைத்திருக்க வேண்டும். விவாகரத்து மனு போடும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை எழுதச் சொல்லி வக்கீலிடம் வற்புறுத்துவது அதைவிட நல்லது. பாஸ்போர்ட்டில் முன்னாள் துணையின் பெயர் இருந்தால், தீர்ப்பாணையைக் காட்டிப் புதிய பாஸ்போர்ட் பெற்ற பின்பே மற்றக் காரியங்களைத் தொடங்க வேண்டும்.

நான்காவதாக வருவதுதான் வெளிமாநிலத் தமிழர்களை வாட்டி எடுப்பது. வெளிநாட்டில் செல்ல வேண்டிய காகிதத்துக்கு முதலில் மாநில அரசின் அத்தாட்சி வேண்டும். பிறகு மத்திய வெளிவிவகார அமைச்சகத்தின் முத்திரை வேண்டும். ‘அப்போஸ்டில்’ எனப்படும் இந்த முத்திரையை ஒப்புக்கொள்ளும் ஹேக் ஒப்பந்தம் 1961இல் உருவானது. இந்தியாவைப் பொறுத்தவரை 2005 ஜூலை 14 முதல் அமலுக்கு வந்தது. ஓமான், பஹ்ரைன், சவுதி அரேபியா, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ் ஆகியவை அதில் சேர்ந்துள்ளன. சேராத நாடானால் அந்நாட்டுத் தூதரகத்தின் அத்தாட்சியும் வேண்டும். மாநில அத்தாட்சியைக் காகிதம் எந்த மாநிலத்தில் பிறந்ததோ அந்த மாநிலமே தர வேண்டும் என்பது விதி. இதன் பலன் என்ன? பிறப்புச் சான்றிதழ் திருநெல்வேலியில் பெற்றது. அதற்குச் சென்னை போக வேண்டும். விவாகரத்துத் தீர்ப்பாணை பாந்திரா குடும்ப நீதிமன்றத்தில் பெற்றது. அதற்கு மும்பையில் அலைய வேண்டும். அது மராட்டியில் இருந்தால், ஆங்கில மொழிபெயர்ப்பும் அதற்குச் சான்றும் தனியே வேண்டும். தினக்கூலிக்காரரும் குமாஸ்தாவும் எத்தனை நாள்தான் சம்பளமில்லா விடுப்பு எடுக்க முடியும்?

இந்த இடத்தில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். அப்போஸ்டில் முத்திரைக்கு அரசு வாங்குவது காகிதம் ஒன்றுக்கு 50 ரூபாய். அமைச்சகம் அமர்த்தியுள்ள நிறுவனங்களின் சேவைக் கட்டணம் தனி. இவ்வளவுதான் செலவு என்பது தெரியாதவரிடம் ஆயிரக்கணக்கில் பறிப்பது எளிதாகிவிடுகிறது. ‘மணமாகாதவர்’ என்ற பொய்ச் சான்றிதழைக் கையில் திணிக்கிற தரகனும் உண்டு. விவாகரத்தானவர் விவாகரத்தானவர் என்றே சொல்ல வேண்டும். அதில் குறைவு எதுவுமில்லை. பொய்தான் பின்னால் குழி வெட்டும்.

ஐந்தாவது, போகிற நாட்டின் விதி. பிலிப்பைன்ஸ் நாட்டில் மணம் புரிய விரும்பும் அயல்நாட்டவர், தமக்கு மணம் புரியத் தகுதி உண்டு என்று தம் நாட்டுத் தூதரக அதிகாரியிடம் சான்று பெற்றுத் தர வேண்டும். சிங்கப்பூரில் ஒர்க் பர்மிட்டில் உள்ள தொழிலாளி, அந்நாட்டுப் பிரஜையையோ நிரந்தரவாசியையோ மணக்க அந்நாட்டு மனிதவள அமைச்சகத்தின் அனுமதி பெற வேண்டும். திருமணத்தை வேறு நாட்டில் வைத்துக்கொண்டாலும் இந்த விதி விடாது. ஐக்கிய அரபு எமிரேட்டில் முஸ்லிம் அல்லாதார் சிவில் மணம் செய்துகொள்ள வழி செய்யும் சட்டம் 2023 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அங்கே மணந்தவரிடம் கேட்டேன், இங்கே மணந்தவர் சொன்னார் என்று போகாமல், மணம் நடக்கும் அலுவலகத்திலேயே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தியத் தூதரகத்திலேயே மணம் புரியவும் வழியுண்டு. 1969ஆம் ஆண்டின் அயல்நாட்டுத் திருமணச் சட்டப்படி, இருவரில் ஒருவர் இந்தியப் பிரஜையாக இருந்தால் போதும். இருவரில் ஒருவரேனும் 30 நாள் அந்த வட்டாரத்தில் குடியிருக்க வேண்டும். அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபத்துக்கு 30 நாள் விட வேண்டும். மூன்று சாட்சிகள் வேண்டும். ஒரு மாத லீவில் போய் முடித்துவிட்டு வரும் காரியமல்ல என்பது இதிலிருந்தே விளங்கும். உள்ளூர்ச் சட்டப்படி மணந்தவர்கள் இதே சட்டத்தின் 17ஆம் பிரிவின் கீழ்ப் பதிவு செய்துகொள்ளலாம். இதை ஒத்திப்போடலாகாது. வெளிநாட்டு வாழ்க்கைத் துணைக்கு ஓ.சி.ஐ. அட்டை பெற, திருமணம் பதிவாகி இரண்டாண்டு தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும். பதிவு தாமதித்தால் அந்தக் கணக்கும் தாமதிக்கும்.

அயல்நாட்டுக் கோர்ட்டில் விவாகரத்துப் பெற்றவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எந்தச் சட்டப்படி மணந்தார்களோ அந்தச் சட்டம் ஏற்கும் காரணமும், அதிகார வரம்பும், எதிர்த்தரப்புக்கு வாதாட உரிய வாய்ப்பும் இல்லாத அயல்நாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் 1991இல் தெளிவாகக் கூறியது. ஊரில் விட்டு வந்த மனைவிக்குத் தெரியாமலேயே அவளை விவாகரத்து செய்துவிட முடியாது என்பதே இதன் சாரம்.

அரசுக்கு நாம் சொல்ல விரும்புவது மூன்று. தமிழ்நாட்டுக் காகிதங்களுக்கு மும்பையிலும், மராட்டிய மாநிலக் காகிதங்களுக்குச் சென்னையிலும் அத்தாட்சி கிடைக்க இரு மாநிலங்களும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். வெளிவிவகார அமைச்சகம் 2017இல் தொடங்கிய இ-சனத் மின்னணுத் திட்டத்தில் எல்லாக் குடும்ப நீதிமன்றங்களின் தீர்ப்பாணைகளும் சேர வேண்டும். கோர்ட்டின் கையெழுத்தைச் சரிபார்க்க ஏழை ரயிலேறிப் போவானேன்? மூன்றாவதாக, அப்பீல் கெடு முடிந்ததும் ‘மறுமணத்துக்குத் தடையில்லை’ என்ற சான்றை அந்தக் கோர்ட்டே ஒரு வரியில் தந்துவிட வேண்டும். பாதி அலைச்சல் அதோடு தீரும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. காகிதம் சுத்தமாக இருந்தால் போதுமா? முதல் மணத்தின் குழந்தைகள் இருந்தால் அவர்கள் யாரிடம் வளர்வது, அவர்களுக்கான ஜீவனாம்சம் எவ்வழியில் மாதந்தோறும் போய்ச் சேர்வது என்பதைத் தீர்த்துவைத்துவிட்டே புது வாழ்வில் கால் வைக்க வேண்டும். விவாகரத்தினால் கணவன் மனைவி உறவு முடியலாம். தகப்பன் பிள்ளை உறவு முடிவதில்லை. அந்தக் கடமையைச் சரிவரச் செய்தவர்கள் எந்தத் தேசத்துப் பதிவாளர் முன்னிலையிலும் தலைநிமிர்ந்து கையெழுத்திடலாம்.