அந்த உறைகளை நான் குப்பையில் போட்டிருக்கக் கூடாது

போன வருஷம் நாலாவது செமஸ்டர் லீவில் நான் பார்த்த ஒரு வேலையை ரொம்பப் பெருமையாக இன்ஸ்டாவில் போட்டேன். இப்போது அந்தப் போஸ்டை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. உங்க வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு டப்பா இருந்தால் நான் செய்ததை நீங்க செய்யாதீங்க.

பெரிய தாத்தா, அதாவது எங்க தாத்தாவின் அண்ணன், மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவர். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர் என்று மாற்றலாகிக்கொண்டே இருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டை ஒதுங்க வைக்கும்போது மூன்று பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே 412 பிரிண்ட், ஒரு கட்டு நெகட்டிவ். சாமி படமும் இல்லை, கல்யாணப் படமும் இல்லை. எல்லாம் பஸ், ரயில், லாரி, இடையில் ஒரு ரோடு ரோலர். இவ்வளவு நாள் இந்த மனுஷன் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ். கையில் டேட்டா கிடைத்தால் என்ன செய்வோம்? சார்ட் பண்ணுவோம். பஸ் ஒரு குவியல், ரயில் ஒரு குவியல், லாரி ஒரு குவியல், மிச்சமெல்லாம் 'இதர'. படங்கள் ஸ்டுடியோக்காரர் தந்த பழுப்பு உறைகளில் பத்துப் பன்னிரண்டாக இருந்தன. உறை மேலே பென்சிலில் ஒரு நம்பர், இரண்டு எழுத்து, அவ்வளவுதான். பூச்சி அரித்த உறைகள். எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வாசலில் வைத்தேன். காலையில் குப்பை வண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்புறம் ஃபோனிலேயே ஸ்கேன் செய்தேன். அதில் அழகாக இருந்த ஒரு பஸ்ஸை எடுத்து, வலது பக்கம் வேண்டாத கூட்டம் என்று க்ராப் பண்ணி, ஒரு ஆப்பில் கொடுத்துக் கலர் ஏற்றி, 'மானாமதுரை, 1966' என்று எழுதிப் போட்டேன். 1966 எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீங்களா? முன்பக்க கிரில்லில் பென்ஸ் நட்சத்திரம் இருந்தது. டாடாவுக்கும் டைம்லர் பென்ஸுக்கும் ஒப்பந்தம் 1954-ல் தொடங்கி 1969-ல் முடிந்தது, அதற்குப் பிறகு வந்த வண்டிகளில் நட்சத்திரம் போய் டி எழுத்து வந்தது என்று படித்திருந்தேன். சரி, நடுவில் ஒரு வருஷம். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

இரண்டு மாதம் கழித்து என் அத்தை பையன் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினான். 'பாரு, நீ போட்டது கரெக்ட்தான், இன்னொரு பேஜ்லயும் 1966னுதான் இருக்கு.' பார்த்தால் அது என் படமேதான். நான் அடித்துவிட்ட வருஷம் நாலு பேஜ் சுற்றி, எனக்கே ஆதாரமாகத் திரும்பி வந்திருக்கிறது. முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்தக் கலர் படத்தைப் பெரிய அப்பத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏத்தா, இதுல எங்கண்ணனைக் காணமே?"

டின்னிலிருந்து ஒரிஜினலைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். வலது ஓரத்தில், கதவுப் பக்கம் சாய்ந்துகொண்டு ஒருவர் நிற்கிறார். காக்கிச் சட்டை. நான் க்ராப் பண்ணிய கூட்டத்தில் முதல் ஆள்.

"இந்தா நிக்கிறாருல்ல. உங்க தாத்தா பஸ்ஸைப் பிடிக்கவா படம் எடுத்தாக? மச்சான் டிரைவர் வேலையில சேந்துட்டாருன்னு எடுத்தாக. பாண்டியன்ல சேந்த பெறகு எடுத்தது. அந்த வண்டி பச்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

பச்சை அந்த ஆப் கொடுத்த நிறம். பாண்டியன் என்றால் பாண்டியன் போக்குவரத்துக் கழகம். 1972-ல் பஸ் வழித்தடங்களை அரசு எடுத்து நடத்தத் தொடங்கியபோது மதுரையை மையமாக வைத்து வந்தது. 1997-ல் தலைவர்கள், மன்னர்கள் பெயரையெல்லாம் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆக்கியபோது அந்தப் பெயர் போனது. ஆக என் 1966 அங்கேயே செத்துவிட்டது.

லைப்ரரி ஸ்கேனரில் அந்த ஒரிஜினலை 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தேன். அவர் தலைக்குப் பின்னால் ஒரு டீக்கடைச் சுவர், அதில் பாதி கிழிந்த போஸ்டர், 'அன்னக்கிளி'. 1976-ல் வந்த படம். நான் வேண்டாம் என்று வெட்டிய அந்த மூன்று சென்டிமீட்டரில்தான் ஆளும் இருந்தார், காலமும் இருந்தது.

நம்மில் பாதிப் பேர் தப்பு செய்யும் இடம் இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பொருள் எப்போது வந்தது என்று தெரிந்தால் படத்துக்குக் கீழ் எல்லை கிடைக்கும். எப்போது நின்றுபோனது என்று தெரிந்தால் மேல் எல்லை கிடைத்துவிடும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் கிடைக்காது. நட்சத்திரம் வைத்த வண்டி 1969-க்கு முன் செய்தது, சரி. ஆனால் 1976-லும் ஓடியிருக்கிறது. நம்பர் பிளேட்டும் அப்படித்தான். எம்-ல் தொடங்கும் மூன்றெழுத்து நம்பர் மெட்ராஸ் மாநிலமாக இருந்த காலத்தில் பதிவான வண்டி. டி-யில் தொடங்குவது அதற்குப் பிறகு. டி.என். போட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு இரண்டு இலக்க எண் வைக்கிற இப்போதைய முறை 1989-ல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு. இவை எல்லாம் வண்டியின் பிறந்த தேதிதான். படம் எடுத்த தேதி அதற்குப் பிறகு எந்த நாளாகவும் இருக்கலாம்.

உறுதியான மேல் எல்லை அபூர்வம். எங்க டின்னில் ஒன்று இருக்கிறது. ஒரு ரயில் பெட்டி, ஜன்னலுக்கு மேலே ஊர்ப் பலகையில் 'தனுஷ்கோடி' என்று எழுதியிருக்கிறது. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அந்த ஊருக்குத் தண்டவாளமே கிடையாது. அந்தப் படம் அதற்கு முன்புதான். இதில் விவாதமே இல்லை.

எழுத்துகூடச் சாட்சி சொல்லும். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டதற்கு முன்னால் னா, றா, ணா எல்லாம் சுழித்த ஒற்றை எழுத்து. லை, னை, ணை தும்பிக்கை வைத்துக்கொண்டு நிற்கும். மானாமதுரை என்ற பெயரிலேயே ஒரு 'னா' இருக்கிறது பாருங்க, எனக்கு அது லாட்டரி மாதிரி. எங்க படத்து பஸ்ஸில் பழைய னாதான். ஆனால் இதையும் ஜாக்கிரதையாகத்தான் பிடிக்க வேண்டும். அரசு வண்டியில் புதிய னா இருந்தால் 1978-க்குப் பிந்தைய எழுத்து என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம். பழைய னா இருந்தால் ஒன்றும் முடிவாகாது. பலகையை யாரும் மாற்றி எழுதாமல் விட்டிருக்கலாம், இல்லை பெயின்டர் பெரியவரின் கைப்பழக்கமாக இருக்கலாம்.

நெகட்டிவ் இருந்தால் அதைத் தனியாகப் பாருங்க. ஓரத்தில் கம்பெனிப் பெயர் இருக்கும். 'ஓர்வோ' என்று இருந்தால் கிழக்கு ஜெர்மனிச் சரக்கு. அந்தப் பெயரே 1964-ல்தான் வந்தது. சட்டக எண்ணும் ஓரத்தில் இருக்கும், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். வினிகர் வாசம் அடித்தால் அந்த நெகட்டிவை மற்றதோடு வைக்காதீங்க, கெட்டுப்போக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். முதலில் அதை ஸ்கேன் பண்ணுங்க. பசை ஒட்டும் ஆல்பம் வேண்டவே வேண்டாம். பிரிண்டின் பின்னால் எழுதினால் மெதுவாக, பென்சிலில், நம்பர் மட்டும்.

இனி அந்த உறைகள் விஷயம். பெரிய தாத்தாவின் பணிப்பதிவேட்டு நகல் பென்ஷன் ஃபைலில் கிடைத்தது. எந்தத் தேதியில் எந்த ஊரில் சேர்ந்தார், எப்போது விடுவிக்கப்பட்டார் எல்லாம் வரிசையாக இருந்தது. மானாமதுரையில் 1974 ஜூன் முதல் 1977 ஏப்ரல் வரை. போஸ்டர் சொன்ன கீழ் எல்லையும் இதுவும் சேர்ந்தால் அந்தப் பஸ் படம் பெரும்பாலும் 1976-க்கும் 1977 ஏப்ரலுக்கும் நடுவில். ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குள் வந்துவிட்டது. சந்தோஷத்தில் குதித்தேன். குதித்து முடித்ததும்தான் உறைத்தது. உறை மேல் இருந்த அந்த இரண்டு எழுத்து ஊர்ப் பெயரின் சுருக்கம். 'மா.ம.' என்று ஒன்றில் பார்த்த ஞாபகம்கூட இருக்கிறது. உறைகள் இருந்திருந்தால் 412 படத்துக்கும் ஊரும் காலமும் ஒரே ராத்திரியில் கிடைத்திருக்கும். நான் அதை பஸ், ரயில், லாரி என்று பிரித்து வைத்திருக்கிறேன். படத்தைப் பார்த்த உடனே யாருக்கும் தெரிகிற ஒரு விஷயத்துக்காக, படத்தில் எங்கேயுமே இல்லாத ஒரு விஷயத்தைத் தொலைத்தேன்.

கொஞ்சம் மீட்க முடிந்தது. நெகட்டிவ் துண்டுகளில் பக்கத்துப் பக்கத்துச் சட்டகங்கள் ஒரே நாளில் எடுத்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓரத்து எண்ணை வைத்துப் பிரிண்டுகளைப் பொருத்தினேன். 140 படம் வரிசைக்கு வந்தது. மிச்சத்துக்கு நெகட்டிவ் இல்லை.

இப்போது என் எக்செல் ஷீட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த பத்தி 'எப்படித் தெரியும்' என்பதுதான். இடம் என்று ஒரு கட்டம் இருந்தால் பக்கத்தில் அதற்குக் காரணம் ஒரு கட்டம். காலத்துக்கு ஒற்றை வருஷம் கிடையாது, 'முதல்', 'வரை' என்று இரண்டு கட்டம், தெரியாவிட்டால் காலி. அப்பத்தா சொன்னது என்றால் அப்பத்தா, எந்தத் தேதியில் சொன்னார் என்று எழுதுகிறேன். வண்டி என்ன நிறம் என்று அவர் சொன்னதையும் அப்படித்தான் எழுதினேன், உண்மை என்று எழுதவில்லை. நாளைக்கு வேறு யாராவது வந்து மறுத்தால், எதை மறுக்கிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். லேபில் ரீடிங் எடுக்கும்போது கருவியின் பிழை எல்லை எழுதச் சொல்லி ரெக்கார்ட் நோட்டைத் திருப்பிக் கொடுப்பார்களே, அதே சமாச்சாரம். அங்கே கடுப்பாக இருந்தது, இங்கே புரிகிறது.

ஹாஸ்டலில் இதைச் சொன்னபோது ஒரு நண்பன் கேட்டான், "எதுக்கு இவ்வளவு? நல்லா இருக்கிற பத்தை எடுத்துப் போடு, மத்தத யாரு பாக்கப் போறா?" கேள்வி நியாயம்தான். எல்லாருக்கும் எல்லாப் படமும் வேண்டாம். ரயில் ரசிகர்களுக்கு ஒய்.பி. நீராவி எஞ்சின் இருக்கும் நாலு படம் போதும், அதற்கு நல்ல லைக்கும் வரும். ஆனால் எது நல்ல படம் என்று முடிவு செய்த என் கண்தான் அந்த டிரைவரை வெட்டிப் போட்டது. அந்தக் கண்ணை நான் இப்போது நம்புவதில்லை. கலர் ஏற்றுவதைப் பற்றியும் அதே கருத்துதான். விளையாட்டுக்குச் செய்யுங்க, தப்பில்லை. ஆனால் கருப்பு வெள்ளை ஒரிஜினலும் பக்கத்தில் இல்லாமல் வெளியே விடாதீங்க. பத்து வருஷம் கழித்து எவனோ ஒருவன் அந்தப் பச்சையைப் பார்த்து, பாண்டியன் பஸ் பச்சை என்று எழுதுவான்.

இன்னொன்று, இது அவசர வேலை. ஸ்கேனிங் அவசரமில்லை, நெகட்டிவ் கெடாத வரைக்கும் அது காத்திருக்கும். கேட்பதுதான் அவசரம். பொங்கலுக்கு மூன்று நாள் உட்கார்ந்து அப்பத்தாவிடம் 61 படம் கேட்டேன். 38-க்கு ஏதாவது ஒன்று சொன்னார். மிச்சத்தைப் பரீட்சை முடிந்து வந்து கேட்கலாம் என்று கிளம்பினேன். ஆடியில் அவர் ஒரு தடவை கீழே விழுந்தார். அதற்குப் பிறகு முகங்கள் பிடிபடுவதில்லை. போன மாதம் அதே பஸ் படத்தை ஏ4 அளவில் பெரிதாக்கிக் கொண்டுபோய்க் காட்டினேன். காக்கிச் சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "யாரு இது, நல்லா நிக்கிறாரே" என்றார்.

ஷீட்டில் 200-க்கும் மேல் காலிக் கட்டங்கள். அதில் ஒன்றை மட்டும் இங்கே கேட்கிறேன். படம் 87: ஒரு லெவல் கிராசிங், கேட் மூடியிருக்கிறது, இந்தப் பக்கம் கரும்பு ஏற்றிய இரண்டு மாட்டுவண்டி, பின்னால் ஒரு லாரி. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒற்றைக் கோபுரம், அதன் இடது பக்கம் தென்னந்தோப்பு. இடம்: காலி. கால எல்லை: காலி. எப்படித் தெரியும்: காலி. படம் இந்த இதழின் கடைசிப் பக்கத்தில் க்ராப் பண்ணாமல் இருக்கிறது. உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு தடவை காட்டுங்க. யாராவது ஏதாவது சொன்னால், அவர் சொன்ன வார்த்தையையே எழுதி ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்க.